கட்டணமில்லாத கருத்தரங்கு: திருமங்கலத்து நண்பருக்கு ஒரு பதில்

திருமங்கலத்திலிருந்து ஓர் இளைஞர் கேட்டிருக்கிறார். குண்டாற்றுக் கண்மாய்களை, அதாவது பாசன ஏரிகளைப் பற்றி ஒரு நாள் கருத்தரங்கு நடத்த அவரும் பத்துப் பன்னிரண்டு நண்பர்களும் திட்டமிட்டிருக்கிறார்கள். பதிவுக் கட்டணம் வாங்காமல், யார் வேண்டுமானாலும் வந்து கேட்கும்படி நடத்த வேண்டும். வாசிக்கப்படும் கட்டுரைகளை எல்லாரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிட வேண்டும் என்பது அவர்கள் ஆசை. ஆலோசனை கேட்கப் போன இடத்தில் பேராசிரியர் ஒருவர், “கட்டணம் இல்லாவிட்டால் மதிப்பு இருக்காது; கட்டுரைகளைப் பொதுவில் போட்டால் திருடிவிடுவார்கள்” என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். செலவுக்கு என்ன வழி, சட்டம் என்ன சொல்கிறது, திருட்டுக்கு என்ன பாதுகாப்பு, இப்படி நடத்தினால் யாராவது மதிப்பார்களா என்று கேட்கிறார்.

தாராளமாக நடத்துங்கள், தம்பி. ஆனால் கட்டணத்தை எடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரி நூலகராக இருந்தவன் நான். பணம் கட்ட முடியாமல் வெளியே நின்றவர்களைவிட, வேறு காரணங்களால் வெளியே நிறுத்தப்பட்டவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன்பு உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு பெரியவர் எங்கள் நூலகத்துக்கு வந்தார். அவர் குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாக அந்த ஊர்க் கண்மாயின் நீர்பாய்ச்சிகள். எந்த மடையை எப்போது திறப்பது, கடைமடைக்குத் தண்ணீர் போய்ச்சேர எவ்வளவு நேரம் ஆகும், கண்மாய் நிறைந்து கலுங்கில் மறுகால் பாய்ந்தால் எந்த ஓடை வழியாக அடுத்த கண்மாய்க்குப் போகும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆய்வு மாணவர் ஒருவர் இரண்டு ஆண்டுகள் அந்த ஊருக்கு வந்துபோய், அவருடன் கரையில் நடந்து, எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு போயிருக்கிறார். முனைவர் பட்டமும் வாங்கிவிட்டார். பெரியவரின் ஊருக்கும் பக்கத்து ஊருக்கும் தண்ணீர் முறை பற்றித் தகராறு. தான் சொன்னதைப் படித்தவர் ஒருவர் எழுதி வைத்திருக்கிறார், அதை எடுத்துக் காட்டினால் பேச்சு அடங்கிவிடும் என்று நம்பி வந்திருந்தார்.

ஆய்வேடு எங்களிடம் இல்லை. அது இருந்த நிறுவனத்துக்கு நானே அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். பரிந்துரைக் கடிதம் இல்லாதவர் உள்ளே வரக்கூடாது என்று அவரை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். எனக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. எடுத்துப் பார்த்தால் முழுவதும் ஆங்கிலம். நகலெடுக்கவும் விடவில்லை. அவருடைய ஊரும் கண்மாயும் வருகிற இரண்டு பக்கங்களைக் கையால் எழுதிக்கொண்டு வெளியே வந்து, வேப்பமரத்தடியில் உட்கார்ந்து அவருக்குத் தமிழில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டு முடித்தவர், “மூன்றாவது மடையையும் நான்காவது மடையையும் மாற்றி எழுதிவிட்டாரே ஐயா” என்றார்.

உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு அந்த வேப்பமரத்தடிதான் நினைவுக்கு வந்தது. அந்த ஆய்வேட்டை வழிகாட்டிப் பேராசிரியர் படித்திருப்பார். வெளியூர்த் தேர்வாளர்கள் படித்திருப்பார்கள். வாய்மொழித் தேர்வும் நடந்திருக்கும். அத்தனை பேர் கண்ணிலும் படாத பிழையைக் கண்டுபிடிக்கக்கூடிய மனிதர் வாசலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். அறிவை எல்லாருக்கும் திறந்துவிட வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். ஏழைகள் மேல் இரக்கப்பட்டுச் செய்கிற தருமமாக இதைப் பார்க்காதீர்கள். வெளியே நிற்பவருக்குத் தெரிந்தது உள்ளே இருப்பவருக்குத் தெரியாது. அவர் உள்ளே வராதவரை நாம் எழுதுவது சரியா தவறா என்று நமக்கே உறுதியாகாது.

அந்த நிலைமை இன்று ஓரளவு மாறியிருக்கிறது. பல்கலைக்கழக மானியக்குழு 2009-இல் கொண்டுவந்த விதிமுறைகளுக்குப் பிறகு, ஆய்வேடுகளின் மின்படிகள் ‘சோத்கங்கா’ என்ற சேமிப்பகத்துக்குப் போகின்றன. காந்திநகரிலுள்ள இன்பிளிப்நெட் மையம் அதை நடத்துகிறது. லட்சக்கணக்கான ஆய்வேடுகளை யாரும் காசில்லாமல், கடிதமில்லாமல் படிக்கலாம். உங்கள் குழு முதலில் செய்ய வேண்டிய வேலை அதில் குண்டாறு, வைகை, கண்மாய்ப் பாசனம் என்று தேடிப் பார்ப்பது. தமிழில் எழுதப்பட்டவையும் கிடைக்கும். உங்கள் ஊரைப் பற்றி வெளியூர்க்காரர்கள் என்னென்ன எழுதியிருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டு கருத்தரங்குக்குத் தலைப்பு வையுங்கள்.

ஆய்விதழ்களின் கதைதான் கொஞ்சம் சிக்கலானது. கட்டுரை எழுதுகிறவருக்கு இதழ் பணம் தருவதில்லை. அதைச் சரிபார்க்கும் அறிஞருக்கும் பெரும்பாலும் தருவதில்லை. இருவருக்கும் சம்பளம் கொடுப்பது பெரும்பாலும் மக்கள் வரிப்பணம். அப்படி உருவான கட்டுரையைப் படிக்க அதே மக்களிடம் பதிப்பகம் விலை கேட்கிறது. ஒரே ஒரு கட்டுரைக்கு 30, 40 டாலர் கேட்கும் பக்கங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இயற்பியலாளர்கள் 1991-லேயே இதற்கு ஒரு மாற்று கண்டுபிடித்தார்கள். பால் கின்ஸ்பார்க் தொடங்கிய ‘ஆர்க்கைவ்’ சேமிப்பகத்தில் கட்டுரைகளை அச்சுக்கு முன்பே எல்லாருக்கும் வைத்தார்கள். 2002 பிப்ரவரி 14 அன்று வெளியான புடாபெஸ்ட் அறிக்கை இந்த முயற்சிகளுக்கெல்லாம் ஒரு பெயரும் வரையறையும் கொடுத்தது. திறந்த அணுக்கம் என்று தமிழில் சொல்கிறோம். படிக்கலாம், இறக்கிக்கொள்ளலாம், நகலெடுக்கலாம், பிறருக்குக் கொடுக்கலாம். எழுதியவர் பெயரைச் சரியாகச் சொல்ல வேண்டும், அவர் எழுதியதைத் திரிக்கக்கூடாது. வரையறையின் சாரம் இவ்வளவுதான்.

பிறகு நடந்ததை நீங்கள் கவனமாகப் பார்க்க வேண்டும். பெரிய பதிப்பகங்களும் ‘திறக்கிறோம்’ என்றன. வாசகர் வாசலில் இருந்த உண்டியலைத் தூக்கி எழுதுகிறவர் வாசலில் வைத்தன. ‘நேச்சர்’ என்ற அறிவியல் இதழ் ஒரு கட்டுரையைத் திறந்த அணுக்கத்தில் வெளியிட 9,500 யூரோ என்று 2020-இல் அறிவித்தது. உள்ளூர்க் கல்லூரி ஆசிரியர் எவரால் அதைக் கட்ட முடியும்? நம் பக்கத்துக் கருத்தரங்குகளில் கட்டுரை வாசிப்பவரிடமே பதிவுக் கட்டணம் வாங்குகிறோமே, அதுவும் இதே ஏற்பாடுதான். கேட்க வருகிறவருக்கு மட்டும் இலவசம் என்று வைத்துவிட்டுக் கட்டுரையாளரிடம் வசூலித்தால், ஊதியமில்லாத ஆய்வு மாணவரும் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியரும் எழுதாமலே இருந்துவிடுவார்கள். இரண்டு பக்கமும் கட்டணம் வேண்டாம்.

‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் வந்துவிட்டதே என்று உங்களிடம் யாராவது சொல்லலாம். ஆய்விதழ்களுக்கு அரசே மொத்தமாகச் சந்தா கட்டுவதற்காக 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த திட்டம் அது. 2025 முதல் மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள். அரசு நடத்தும் 6,300 உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்கள். அந்த நிறுவனங்களின் மாணவர்களுக்குப் பெரிய உதவிதான், மறுக்கவில்லை. ஆனால் உங்கள் குழு எந்த நிறுவனத்திலும் இல்லை. தனியார் கல்லூரி மாணவரும் அந்தக் கணக்கில் வரமாட்டார். ஓய்வு பெற்றவனாகிய நானும் வரமாட்டேன். வாழ்நாளெல்லாம் பிறருக்கு இதழ்களை எடுத்துக் கொடுத்தவன், ஓய்வு பெற்ற மறுநாளே அவற்றைத் திறக்க முடியாதவன் ஆனேன். சந்தா என்பது வாடகை. பணம் கட்டும்வரைதான் வீடு.

இனி மதிப்பைப் பற்றி. கட்டணத்தால் மதிப்பு வருவதில்லை. கட்டுரையை யார் படித்துச் சரிபார்த்தார், அவையில் யார் எதிர்க்கேள்வி கேட்டார் என்பதால்தான் வருகிறது. ஒவ்வொரு கட்டுரையையும் இரண்டு பேர் முன்கூட்டியே படிக்கட்டும். ஒருவர் அந்தத் துறை படித்தவர். இன்னொருவர் அந்தக் கண்மாயின் ஆயக்கட்டில், அதாவது பாசனப் பரப்பில், நிலம் வைத்திருப்பவர் அல்லது நீர்பாய்ச்சியவர். இரண்டாமவருக்கு எழுத்துப் பழக்கம் இல்லையென்றால் உங்களில் ஒருவர் கட்டுரையை அவருக்கு வாசித்துக் காட்டி, அவர் சொல்வதை எழுதி வாருங்கள். மூன்றாவது மடையும் நான்காவது மடையும் இடம் மாறாமல் இருக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி இது. எந்தப் பெரிய பல்கலைக்கழகக் கருத்தரங்கிலும் இல்லாத தகுதிச் சோதனையாகவும் இது இருக்கும்.

மதுரைப் பக்கத்தில் இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. எழுத்தாளர் அ. முத்துக்கிருஷ்ணன் 2010-இல் தொடங்கிய பசுமை நடைக்கு நீங்கள் போயிருக்கிறீர்களா? போகவில்லையென்றால் கருத்தரங்குக்கு முன் ஒரு முறையாவது போய் வாருங்கள். ஞாயிறு காலையில் கீழக்குயில்குடிச் சமணமலை, அரிட்டாபட்டி, மாங்குளம் என்று ஏதாவது ஒரு மலைக்கு மக்கள் கூட்டமாக நடக்கிறார்கள். தொல்லியல் அறிஞர் சொ. சாந்தலிங்கம் போன்றவர்கள் பாறை மேலேயே நின்று தமிழி என்ற பழைய எழுத்தில் உள்ள கல்வெட்டை எழுத்தெழுத்தாக வாசித்து விளக்குவார்கள். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தவரும், ஆடு மேய்க்க வந்து நின்றவரும், ஆய்வு மாணவரும் ஒரே பாறையில் உட்கார்ந்து கேட்பார்கள். பல்கலைக்கழக வகுப்பில் நடப்பதற்குச் சற்றும் குறையாத பாடம் அது. சமணர் தங்கிய இடத்துக்குப் பள்ளி என்று பெயர். நாம் படிக்கிற பள்ளிக்கும் அதே சொல்தான். அந்தக் குகைத்தளங்களில் உட்கார்ந்து இதைக் கேட்கும்போது எனக்கு உடல் சிலிர்க்கும்.

கீழடியையும் சொல்ல வேண்டும். தமிழ்நாடு தொல்லியல் துறை தன் அகழாய்வு முடிவுகளை 2019-இல் எளிய நூலாகத் தமிழில் வெளியிட்டதால்தான் கரிமப் பகுப்பாய்வு என்ற சொல் டீக்கடைப் பேச்சில் புழங்கத் தொடங்கியது. மக்களுக்குப் புரியாது என்று சொல்பவர்களிடம் கீழடிக்குப் பக்கத்திலுள்ள சிலைமானில் இறங்கி நாலு பேரிடம் பேசிப் பார்க்கச் சொல்லுங்கள்.

திருட்டுப் பயம் நியாயமானது, ஆனால் தலைகீழாகப் புரிந்துகொள்ளப்பட்டிருக்கிறது. 1995-இல் அமெரிக்காவில் மஞ்சளுக்கு, காயம் ஆற்றும் மருந்து என்று காப்புரிமை கொடுத்தார்கள். நம் வீட்டுப் பாட்டிகளுக்கெல்லாம் தெரிந்த சங்கதி. இந்திய அறிவியல் தொழில்துறை ஆய்வு மன்றம் அதை எதிர்த்து வாதாடி 1997-இல் நீக்க வைத்தது. எதைக் காட்டி? ஏற்கெனவே எழுதி வெளியான நூல்களையும் கட்டுரைகளையும் காட்டித்தான். பாட்டியின் வாய்ச்சொல் மட்டும் இருந்திருந்தால் வழக்கு கடினமாகியிருக்கும். தேதியோடு, பெயரோடு, எல்லாரும் பார்க்கும் இடத்தில் வெளியான எழுத்தைத் தன்னுடையது என்று இன்னொருவர் சொன்னால் உடனே பிடிபடுவார். பூட்டிய அலமாரியில் கிடக்கும் தொகுப்பிலிருந்து எடுத்தால்தான் யாருக்கும் தெரியாது. என் அலமாரியில் கிடந்த ஒரு தொகுப்பிலிருந்த கட்டுரை, பெயர் மட்டும் மாறி வேறொரு தொகுப்பில் வந்ததை நானே கண்டுபிடித்தேன். இரண்டையும் அடுக்கி வைத்தவன் நான் என்பதால் தெரிந்தது.

சட்டம் எளிதானது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுதியவருக்கு வாழ்நாளும், இறந்தபின் 60 ஆண்டுகளும் உரிமை உண்டு. நீங்கள் ஒன்றும் சொல்லாமல் வெளியிட்டால், பிறர் அதை நகலெடுக்க அனுமதி இல்லை என்றுதான் பொருள். ஆகவே ‘இலவசம்’ என்று மட்டும் போட்டால் போதாது. படைப்பாக்கப் பொதுமங்கள் என்று தமிழில் வழங்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் 2002 முதல் இருக்கின்றன. அவற்றில் ‘பெயர் குறிப்பிட்டு யாரும் பயன்படுத்தலாம்’ என்ற உரிமத்தைத் தேர்ந்தெடுங்கள். கட்டுரையாளர் ஒவ்வொருவரிடமும் ஒரு பக்கக் கடிதத்தில் கையெழுத்து வாங்குங்கள். உரிமை அவரிடமே இருக்கும். பயன்பாட்டுக்கு மட்டும் அனுமதி தருகிறார். இதைக் கருத்தரங்கு நாளுக்கு முன்பே செய்துவிடுங்கள். முடிந்தபின் கையெழுத்துக்காக வீடு வீடாக அலைய நேரும்.

முன்கூட்டியே படித்துவர வெளியூர் நூல்களை நகலெடுத்துக் கொடுக்கலாமா என்றும் யோசிப்பீர்கள். டெல்லிப் பல்கலைக்கழக நகலகம் பற்றிய வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2016-இல் மாணவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது உண்மை. ஆனால் அது பாடம் கற்பிப்பதற்காக எடுக்கப்படும் நகல்களைப் பற்றியது. பொதுக் கருத்தரங்குக்கும் பொருந்தும் என்று நம்பி இறங்க வேண்டாம். நாட்டுடைமையான நூல்களும் உரிமைக் காலம் முடிந்தவையும் ஏராளமாக இருக்கின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்கள் குவிந்து கிடக்கின்றன.

செலவுக்கு வருகிறேன். வழக்கமான கருத்தரங்கில் பணம் எங்கே போகிறது என்று பாருங்கள். பிளக்ஸ் பதாகை, பொன்னாடை, நினைவுப் பரிசு, கைப்பை, குறிப்பேடு, சிறப்பு விருந்தினரின் கார், தங்கும் அறை, வழவழப்பான தாளில் சான்றிதழ். இவற்றில் எதுவும் அறிவோடு தொடர்புடையது அல்ல. இத்தனையையும் விட்டுவிட்டால் மிஞ்சுவது மண்டபம், மதியச் சாப்பாடு, ஒலிபெருக்கி, அச்சுச் செலவு. மண்டபத்துக்கு ஆடி மாதத்தையோ மார்கழியையோ பாருங்கள். கல்யாணம் இல்லாத மாதங்களில் மண்டபக்காரர்கள் வாடகையைக் குறைத்துத் தருவார்கள். அரசுப் பள்ளி கிடைத்தால் இன்னும் நல்லது. தலைமையாசிரியரிடம் முறையாக எழுதிக் கேட்டு அனுமதி வாங்குங்கள். சாப்பாட்டுக்குப் பணமாகக் கேட்காமல் பொருளாகக் கேளுங்கள். ஒருவர் அரிசி, ஒருவர் பருப்பு, ஒருவர் காய்கறி என்று கொடுப்பார்கள். சாம்பார் சாதமும் தயிர் சாதமும் போதும். நன்கொடை தருகிற எவருக்கும் மேடையில் பேச இடம் தருவதாக ஒப்புக்கொள்ளாதீர்கள். வரவு செலவைக் கடைசியில் ஒரு தாளில் எழுதி வாசலில் ஒட்டிவிடுங்கள்.

சான்றிதழை நான் வெட்டிச் செலவுக் கணக்கில் சேர்த்தாலும் ஒரு விலக்கு உண்டு. கல்லூரி மாணவர்களுக்கு அது உண்மையாகவே தேவைப்படுகிறது. சான்றிதழ் வேண்டும் என்பவருக்குச் சாதாரணத் தாளில் அச்சிட்டு, கையெழுத்திட்டு, காசு வாங்காமல் கொடுங்கள். கட்டுரைத் தொகுப்புக்கு ஐஎஸ்பிஎன் என்ற நூல் அடையாள எண் வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். இந்தியாவில் அந்த எண்ணை அரசு நிறுவனமே விண்ணப்பிப்பவர்களுக்கு இலவசமாகத் தருகிறது. இது தெரியாமல் பணம் கட்டிய ஆசிரியர்களை நான் அறிவேன்.

நேரம், பஸ், மொழி. என் அனுபவத்தில் பணத்தைவிட உயரமான மதில்கள் இவை. வேலை நாளில் காலை ஒன்பதரைக்குத் தொடங்கும் கருத்தரங்குக்குப் பேரையூரிலிருந்து ஒரு விவசாயி எப்படி வருவார்? ஞாயிற்றுக்கிழமை பத்தரைக்குத் தொடங்குங்கள். நாலு மணிக்குள் முடியுங்கள். பெண்கள் வீடு திரும்பவும், டி. கல்லுப்பட்டி, உசிலம்பட்டிப் பக்கம் போகிறவர்கள் கிராமத்து பஸ்ஸைப் பிடிக்கவும் அப்போதுதான் முடியும். வாழ்த்துரையும் முன்னிலையுரையும் ஒரு மணி நேரத்தைத் தின்றுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முகூர்த்த நாள், சித்திரைத் திருவிழா, அறுவடைக் காலம் மூன்றையும் தவிர்த்து விடுங்கள். தரைத்தளத்தில் மண்டபம் இருக்கட்டும். படியேற முடியாதவர்கள் வருவார்கள்.

மொழியில் உங்களுக்குக் கவலையே இல்லை. உள்வாய், கரை, மடை, கலுங்கு, குமிழித் தூம்பு, வரத்துக் கால்வாய், ஆயக்கட்டு என்று கண்மாயின் ஒவ்வோர் உறுப்புக்கும் துல்லியமான சொல் இந்த மண்ணில் இருக்கிறது. பொறியாளர் ஆங்கிலத்தில் எழுதி வந்தால் திருப்பி அனுப்பாதீர்கள். ஒரு பக்கத் தமிழ்ச் சுருக்கம் கேட்டு வாங்கி, வருகிறவர்கள் கையில் கொடுங்கள். எழுதத் தெரியாதவரின் அறிவுக்கும் கட்டுரை என்ற மரியாதை உண்டு. அவர் பேசுவதைப் பதிவு செய்து, எழுத்தாக்கி, அவர் பெயரையே ஆசிரியர் பெயராகப் போடுங்கள். மதுரையிலிருந்து சேவா அமைப்பு வெளியிட்ட ‘நம்வழி வேளாண்மை’ இதழ் அப்படித்தான் உழவர்களின், கால்நடை வளர்ப்போரின் அறிவை அவரவர் பெயரோடு தமிழிலேயே திருப்பிக் கொடுத்தது. ‘தகவலாளி’ என்று பெயரில்லாமல் அடிக்குறிப்பில் நிற்பதற்கும், ஆசிரியராக முதல் பக்கத்தில் நிற்பதற்கும் உள்ள தூரத்தை அந்த உசிலம்பட்டிப் பெரியவரிடம் கேட்டால் சொல்லியிருப்பார்.

கருத்தரங்கு முடிந்த மறுநாள்தான் உண்மையான வேலை தொடங்குகிறது. பெரும்பாலும் அங்கேதான் எல்லாரும் களைத்துப்போய் விட்டுவிடுகிறார்கள். நான் வேலை பார்த்த நூலகத்தில் இரண்டு அலமாரிகள் நிறையக் கருத்தரங்கத் தொகுப்புகள் இருந்தன. நூறு படி அச்சிட்டு, கட்டுரையாளருக்கு ஒன்று, விருந்தினருக்கு ஒன்று, நூலகத்துக்கு ஒன்று என்று கொடுத்துவிட்டால் முடிந்தது. ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர் உண்டு என்று சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-லேயே விதி வகுத்துத் தந்தார். அந்த அலமாரிகளிலிருந்த பல தொகுப்புகள் தமக்குரிய வாசகரை ஒருமுறைகூடச் சந்திக்கவில்லை. அவற்றில் நல்ல கட்டுரைகள் இருந்தன. கோடை விடுமுறையில் தனியாக உட்கார்ந்து படித்திருக்கிறேன். வருத்தமாக இருக்கும்.

பாண்டித்துரைத் தேவர் மதுரையில் சொற்பொழிவாற்ற வந்தபோது திருக்குறளும் கம்பராமாயணமும் கேட்டு ஊருக்குள் கிடைக்கவில்லை என்றும், அந்த மனவேதனையில்தான் 1901-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார் என்றும் சொல்வார்கள். சங்கத்துக்கு நூலகமும் அச்சகமும் ‘செந்தமிழ்’ இதழும் வந்தன. ஏறத்தாழ நூறு ஆண்டுக்குப் பின், 1998 பொங்கல் நாளில், சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய முனைவர் கல்யாணசுந்தரம் ஒருங்கிணைப்பில் பல நாட்டுத் தமிழர்கள் சேர்ந்து பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து எல்லாருக்கும் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் மதுரைத் திட்டம். யாரும் சம்பளம் வாங்கவில்லை. நம் ஊர்ப் பெயரைத் தாங்கிய இந்த இரண்டு முயற்சிகளும் புத்தகம் கிடைக்காத குறையைத் தீர்க்கவே பிறந்தன. உங்கள் தொகுப்பும் அலமாரிக்குள் போகாமல் இருக்கட்டும்.

கட்டுரைகளை ஒருங்குறி (யூனிகோடு) எழுத்துருவில்தான் வாங்க வேண்டும். தமிழ்நாடு அரசே 2010-இல் ஒருங்குறியை ஏற்றுவிட்டது. ஆனால் அச்சகங்களில் இன்னும் பழைய எழுத்துருக்கள் ஓடுகின்றன. பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கட்டுரையைத் தேடுபொறியால் கண்டுபிடிக்க முடியாது. பக்கத்தைப் படமாக எடுத்துப் போட்டால், பார்வையற்றவரின் திரைவாசிப்பான் அதைப் படிக்காது. திறந்துதான் வைத்திருக்கிறோம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்க, அவருக்கு அது மூடியே இருக்கும். உரைகளைப் பதிவு செய்ய ஒரு நல்ல கைபேசியும், சட்டையில் மாட்டும் ஒலிவாங்கியும் போதும். படம் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை, குரல் தெளிவாக இருக்க வேண்டும். நேரலைக்கு ஆசைப்பட்டு, இணைப்பு அறுந்து தவிப்பதைவிடப் பதிவு செய்து பிறகு ஏற்றுவது மேல். நாள் முழுவதையும் ஒரே கோப்பாகப் போடாதீர்கள். ஒவ்வோர் உரையும் தனித்தனியாக, ஊர்ப் பெயரும் கண்மாய்ப் பெயரும் தலைப்பில் வரும்படி இருக்கட்டும். அந்த ஊர்ப் பெயரைத் தேடுகிற பேரன் பேத்திக்கு அப்போதுதான் கிடைக்கும்.

கோப்புகளை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இணையக் காப்பகத்திலும், ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகம் நடத்தும் செனோடோ சேமிப்பகத்திலும் இலவசமாக ஏற்றலாம். செனோடோ ஒவ்வோர் ஆவணத்துக்கும் நிலையான அடையாள எண் தரும். பிற ஆய்வாளர்கள் மேற்கோள் காட்ட அது உதவும். அச்சுப் படிகளில் ஒன்று திருமங்கலம் நூலகத்துக்கு. சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம், அந்த நூலகம் நம்முடையது. குண்டாறு பாயும் திருச்சுழி, கமுதி நூலகங்களுக்கும், கட்டுரையில் வரும் ஒவ்வோர் ஊராட்சிக்கும் பள்ளிக்கும் ஒன்று. 1954-ஆம் ஆண்டு நூல் வழங்கல் சட்டப்படி சென்னை கன்னிமாரா நூலகம் உள்ளிட்ட நூலகங்களுக்கும் படிகள் அனுப்ப வேண்டும். அச்சிடுகிற பலர் இதை மறந்துவிடுகிறார்கள். ஐம்பது ஆண்டு கழித்துத் தேடுகிறவருக்கு அந்த ஒரு படிதான் மிஞ்சியிருக்கும்.

எல்லாவற்றையும் திறந்துவிடவும் கூடாது. இதைச் சொல்லாவிட்டால் நான் பாதி பதில் சொன்னவனாவேன். கண்மாய்க்கரையில் காவலில்லாமல் கிடக்கும் பழைய சிற்பத்தின் துல்லியமான இருப்பிடத்தை வரைபடத்தோடு வெளியிட்டால் முதலில் வருகிறவர் ஆய்வாளராக இருக்கமாட்டார். அரிய மூலிகை முளைக்கும் இடமும் அப்படித்தான். நடந்துகொண்டிருக்கும் வழக்கில் தொடர்புடையவர் கூட்டத்தில் உணர்ச்சிவசப்பட்டு ஏதாவது சொல்லியிருந்தால், பதிவை அவருக்குப் போட்டுக் காட்டிக் கேட்டபிறகு வெளியிடுங்கள். வேண்டாம் என்றால் அந்தப் பகுதியை எடுத்துவிடுங்கள். பேசியவருக்கு மறுக்கும் உரிமை இருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

தேதி முடிவானதும் எனக்குத் தெரியப்படுத்துங்கள். பதிவு மேசையில் உட்கார நான் வருகிறேன். குண்டாற்றுக் கண்மாய்களைப் பற்றிய இரண்டு பழைய கருத்தரங்கத் தொகுப்புகள் என் வீட்டில் இருக்கின்றன. கட்டுரையாளர்களில் எனக்குத் தெரிந்தவர்களிடம் அனுமதி கேட்கத் தொடங்கிவிட்டேன். கிடைத்தவரையில் அவற்றையும் உங்கள் தொகுப்போடு சேர்த்து ஏற்றிவிடலாம். அந்த இரண்டு பக்கங்களை நான் கையால் எழுதிய தாளும் பத்திரமாக இருக்கிறது. பெரியவர் இப்போது இல்லை. அவர் ஊருக்குப் போய் மூன்றாவது மடை எது, நான்காவது மடை எது என்று அவர் மகனிடம் கேட்டு, திருத்தத்தையும் அவர் பெயரையும் சேர்த்து ஒரு பக்கம் எழுதித் தருகிறேன். உங்கள் கருத்தரங்கில் அதை வாசிக்கப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.